ஓடைப் பாதையின் காவல்காரி

"காலை எடு கண்ணு, அங்க ஒருத்தி தூங்குறா!"

வெல்டா ஹென்ஸ்லி அதட்டினால், ஓடிக்கொண்டிருப்பவர்கள் அப்படியே ஒற்றைக்காலில் நின்றுவிடுவார்கள். கீழே, ஓக் சருகுகளுக்கு நடுவில், தன் இலையையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு ஒரு வெள்ளை மொட்டு நிற்கும். "கிள்ளிப் பாரு, ரத்தமா வடியும். நமக்கு வர்ற மாதிரியேதான்."

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அந்த அதட்டல் அங்கே பழகியது. டென்னசி மலையடிவாரத்தில் ஏப்ரல் பிறந்துவிட்டால், பூங்காவின் ஓடைப் பாதையை விட்டு அவளை அசைக்க முடியாது. ஈரப் பல்லி போலிருக்கும் சாலமாண்டரைத் தொடுமுன் கையை ஓடையில் நனைத்துக்கொள்வாள். உலர்ந்த கை அதன் தோலுக்கு ஆகாது. மண்ணுக்குள் குடியிருக்கும் வரி அணிலின் வளைமேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்பவர்களை, "அடுத்தவங்க வாசல்ல என்ன விருந்து?" என்று எழுப்பிவிடுவாள்.

போன வசந்தத்தில் பைன் மரத்தடிச் செருப்புப்பூக்கள் வேரோடு காணாமல் போயின. இளஞ்சிவப்பில், குழந்தையின் செருப்புப் போலத் தொங்கும் பூ. இடம் மாற்றினால் பிழைக்காது. வெல்டா குழியருகே மண்டியிட்டு அழுதாள். நிமிர்ந்தபோது எதிரே ஹசிந்தோ வந்துகொண்டிருந்தான். கோழி இறைச்சி ஆலையில் இரவு வேலை முடித்து, அந்த வழியாகவே வீட்டுக்கு நடக்கிற குவாத்தமாலாக்காரன். கையில் ஈரமண், தோளில் பை. போதாதா? காவலருக்குப் போன் போட்டாள்.

பூங்காக் காவலர் டெல்பர்ட் வந்து, பையைப் பாதையிலேயே கவிழ்த்தார். மக்காச்சோள ரொட்டி, ரப்பர் கையுறை, ஈரத்துண்டு. நடக்க வந்தவர்கள் வட்டம் கட்டி நின்றார்கள்.

"ஆமைங்க... வழியில கிடந்துச்சு. தூக்கி அந்தப் பக்கம் விட்டேன்," என்றான் ஹசிந்தோ.

"ஆமையாம் ஆமை!" என்றாள் வெல்டா.

அடுத்த வாரம் லர்லீன் புரூயிட் வீட்டில் விருந்து. தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி அவள். தோட்டத்துப் பளிங்குத் தொட்டியில் செருப்புப்பூக்கள் கறுத்துத் தொங்கின.

"காட்டுல யாரு பாக்கப் போறா தங்கம்? கடவுள் எல்லாருக்கும்தானே படைச்சாரு! ஆனா பாரு, நன்றிகெட்டதுங்க, செத்துப்போச்சு."

வெல்டா நேரே டெல்பர்ட்டிடம் போனாள். அவர் சிரித்தார். "விடுங்க மிஸ் வெல்டா. லர்லீனைப் போய்த் திருடின்னு சொல்லுவீங்களா?"

"அப்போ அவனை மட்டும் ஏன்யா நடுவழியில நிறுத்துனே?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க!"

பளிங்குத் தொட்டிக்குப் போனால் அதற்குப் பெயர் ஆசை. கூலிக்காரன் பையில் இருக்கலாம் என்று தோன்றினாலே அதற்குப் பெயர் திருட்டு. இந்தச் சட்டத்தை எந்த மன்றமும் இயற்றவில்லை. நல்லவர்கள்தான் தினமும் நிறைவேற்றுகிறார்கள். வெல்டா நல்லவள்.

அதன்பிறகு ஹசிந்தோ நெடுஞ்சாலை ஓரமாகச் சுற்றிப்போனான். லாரிகள் உரசிக்கொண்டு விரையும், நடைபாதையே இல்லாத சாலை அது. வெல்டா ஒருநாள் ஆலை வாசல்வரை போனாள். தலைமுடியை மூடும் வலையைக் கழற்றியபடி ஆட்கள் வெளியே வந்ததும் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். பாதையில் தனியாக இருக்கும்போது மட்டும், "தப்பு என்மேலதான் ஹசிந்தோ. நீ இந்த வழியாவே போப்பா," என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

இந்த ஏப்ரலில் நெடுஞ்சாலைப் பாலத்தை வெள்ளம் மூழ்கடித்தது. மறுநாள் காலை, வேறு வழியில்லாமல், ஹசிந்தோ ஓடைப் பாதையில் வந்தான். வெல்டா அவசரமாக எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்த்ததும் நின்றான். அவள் வாய் திறப்பதற்குள் தோளிலிருந்து பையை இறக்கி, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து, அகலப் பிரித்து, உள்ளே நன்றாகத் தெரியும்படி அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தான்.