அம்மாக்கண்ணுவின் கிழிந்த சேலை

பொகவந்தலாவைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து கொய்து வளர்ந்தவள் சண்முகவடிவு. எழுபத்தொன்பதாம் ஆண்டில், வறுமை ஒழிப்புப் பணிக்கென ஒரு தொண்டு நிறுவனம் அட்டன் நகரில் ஊழியரைப் பயிற்றுவித்தபோது அவளும் சேர்ந்தாள். இறுதித் தேர்வு ஏட்டில் இல்லை. அவரவர் பிறந்த லயத்துக்கே, அந்தத் தோட்டக் குடியிருப்பு வரிசைக்கே, நிதி தரும் விருந்தினரை அழைத்துச் சென்று, அங்குள்ள இல்லாமையைக் காட்டல் வேண்டும். தேறினால் வேலை, தவறினால் மீண்டும் கூடையும் மலையும்.

முதல்நாள், உடன் பயின்ற மரியரட்ணம் தவறினான். விருந்தினர் வருகிறாரென்று அவன் லயத்தார் வாசல் மெழுகிப் பலகாரம் சுட்டிருந்தனர்.

“வறுமைய காட்டுவீங்கன்னு பாத்தா, கல்யாண வீட்டுக்குல்ல கூட்டிட்டு வந்திருக்கீங்க!” என்று பயிற்றுநர் லியனார்ட் அனைவர் முன்னும் நகைத்தார்.

மறுநாள் வடிவு விருந்தினருக்கு முன்னரே லயம் ஏறினாள். தாய் அம்மாக்கண்ணு, அடுத்த வீட்டு மீனம்மாவின் தீபாவளிச் சேலையை இரவல் வாங்கி உடுத்து, திருநீறு துலங்க, கண்ணாடிக் கிளாசுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் தேநீர் கொதித்தது.

“கழட்டும்மா அத. மலைக்குக் கட்டுற கிழிசல கட்டு. கிளாசெல்லாம் மறைச்சு வை.”

“பெரிய மனுசங்க வர்றாங்கடி. மானம் போயிரும்.”

“என் வேல போயிரும்.”

தாய் கிளாசுகளை அள்ளிக்கொண்டு உள்ளே சென்றாள்.

விருந்தினர் வந்தனர். கற்பித்தவாறே வடிவு வெறும்பானையைத் திறந்து காட்டினாள். தாயின் தோளைப் பற்றித் திருப்பி, சேலையின் கிழிசலை விரலால் விரித்தும் காட்டினாள். எத்தனை வேளை உண்பாள் என்று அவர்கள் வினவ, தாய் வாய்திறக்குமுன் மகளே விடையிறுத்தாள். லியனார்ட் மகிழ்ந்து தலையசைத்தார். கொதித்த தேநீரை ஒருவரும் பருகவில்லை.

வேலை கிடைத்தது. நகரில் அறையெடுத்துத் தங்கிய வடிவு, தைப்பொங்கலன்று தாய்க்கொரு புதுச்சேலையோடு லயத்துக்கு வந்தாள். வழியில் நின்ற மீனம்மா அவளைக் கண்டதும் உரக்கக் கூவினாள்:

“அக்கோவ்! அதிகாரி வருது, சேலைய கழட்டுங்க!”

லயம் முழுதும் சிரித்தது. வடிவு வாசலை அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது. சிறிது நேரங்கழித்துத் திறந்தது. பொங்கலுக்கு உடுத்தியதைக் களைந்துவிட்டு, அதே கிழிசலோடு நின்றாள் தாய். தானே திரும்பித் தோளைக் காட்டினாள்.

“நல்லா தெரியுதாங்க தொரசாணி? இன்னுங் கொஞ்சம் கிழிக்கட்டுங்களா?”