கால் ஊன்றாமல் ஏற்காடு

சைக்கிள் வாங்கியது உடம்பு இளைக்க. டாக்டர் நடக்கத்தான் சொன்னார். நடப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வெளியே வைத்தால் வெயிலில் பெயிண்ட் போகும், யாராவது தூக்கிக்கொண்டும் போவார்கள் என்று ஹாலில் நிறுத்தினேன். சேலத்தில் எங்கள் ஹால் ஒன்றும் கல்யாண மண்டபம் அல்ல. ஆனாலும் சைக்கிளுக்குத் தினமும் ஈரத்துணியால் துடைப்பு, செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று என்று உபசாரம் நடந்தது. ஓட்டுவதுதான் கொஞ்சம் குறைவு.

என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் தம்பி வந்திருந்த ஒருநாள் பஞ்சாயத்து வைத்தாள். ஓட்டாத சைக்கிளுக்கு ஹால் எதற்கு, தம்பியாவது ஓட்டட்டும் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரி வரைக்கும் ஒரு தடவைகூடக் காலைத் தரையில் ஊன்றாமல் மிதித்துக் காட்டுகிறேன், காட்டிவிட்டால் சைக்கிள் ஹாலில்தான் இருக்கும், ஊன்றினால் அன்றைக்கே மச்சினன் எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். யோசித்துச் சொல்லுங்க மாமா என்று ஒப்புக்காவது அவன் ஒரு வார்த்தை சொன்னானா? உடனே சரி என்றான். ஊன்றினாரா இல்லையா என்று யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டான். அவர் பொய் சொன்னால் மூக்கு விடைத்துக்கொள்ளும், அதிலேயே தெரிந்துவிடும் என்றாள் மனைவி. அது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மச்சினன் காரின் தலைமேல் சைக்கிளைக் கட்டி அடிவாரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். கண் படக்கூடாது என்று மனைவி ஹேண்டில்பாரில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டினாள். நான் மஞ்சள் பனியன் போட்டிருந்தேன். சைக்கிள்காரர்கள் போடும் பனியனில் என் வயிற்றுக்கு அந்த நிறம்தான் கிடைத்தது. இருவரும் காரில் மேலே போனார்கள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பதாக ஏற்பாடு.

முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் நான் சிரித்துக்கொண்டே ஏறினேன். அதற்குப் பிறகு சிரிப்பதற்கு மூச்சு மிச்சமில்லை. ஒவ்வொரு மிதிக்கும் “ஐயோ சாமி” என்று ஒரு சத்தம் தானாக வந்தது. குரங்குகள் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. ஒன்று நடந்துவந்து என்னைத் தாண்டிப் போனது. அதற்கு அவசரம்கூட இல்லை. எனக்கு அதன்மேல் வந்த ஆத்திரத்தில் ஒரு வளைவு ஏறிவிட்டேன்.

இந்தப் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருவன் கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு அவர்களால் சும்மா போக முடியாது. பைக்கில் போனவர்கள் நிறுத்தி, சைக்கிள் ரிப்பேருங்களா என்று விசாரித்தார்கள். அப்புறம் ஒரு பிக்கப் வண்டி என் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. வாழவந்திப் பக்கத்து விவசாயக் குடும்பம். சேலம் மார்க்கெட்டில் பலாப்பழத்தைப் போட்டுவிட்டு மளிகைச் சாமானோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியவர் கண் ரோட்டில் இருந்தது. அவர் மனைவிதான் ஜன்னல் வழியாக என்னை மேலும் கீழும் பார்த்தாள். மஞ்சள் பனியன், எலுமிச்சம்பழம், ஐயோ சாமி.

“சேர்வராயனுக்கு வேண்டுதலுங்களா?” என்றாள். ஏரிக்கும் மேலே, மலை உச்சியில் குகைக்கோயிலில் இருக்கிற சாமி அது.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஐயோ சாமி” என்றுதான் வந்தது. யாருக்காக என்று அடுத்த கேள்வி. மனைவி ஏரியில் காத்திருக்கிறாள், தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். “ஊட்டுக்காரி... ஏரி” என்ற இரண்டு சொல்லோடு மூச்சு முடிந்துவிட்டது. அவள் முகம் வாடிவிட்டது. கணவரின் தோளைத் தட்டினாள், வண்டி வேகமெடுத்து மேலே போனது. தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வளைவில் அந்த வண்டி நின்றிருந்தது. அந்தம்மா கையில் ஒரு குடம். மளிகையில் இருந்த மஞ்சள்தூளைப் பிரித்து, பாறை ஊற்றுத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தாள். வேண்டுதலுக்கு நடந்துபோகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கம் புண்ணியம். ஆனால் ஊற்றுவதற்குக் கால் தரையில் இருக்க வேண்டுமே! நின்றால் சைக்கிள் போயிற்று. நிற்காமல் போனால், சாமிக்கென்று கலக்கிய தண்ணீரைத் தட்டிவிட்டுப் போன பாவி ஆவேன்.

வளைவின் ஓரத்தில் கொஞ்சம் விரிந்த மண்தரை இருந்தது. அதில் சைக்கிளைத் திருப்பி அவளைச் சுற்ற ஆரம்பித்தேன். அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இறங்கக்கூடாது என்பதும் வேண்டுதலில் சேர்த்தி என்று. நான் சுற்ற, அவள் குடத்தோடு நின்ற இடத்தில் சுற்றி, கால் கீழே வரும்போதெல்லாம் குறிபார்த்து ஊற்றினாள். பாதி என் காலில், பாதி செயினில். நேற்றுத்தான் எண்ணெய் போட்ட செயின். கணவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சேலம் பஸ் ஒன்று எங்களுக்காக நின்றது, உள்ளே இருந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் காலை ஊன்றவில்லை.

அவர்கள் போன பிறகு எப்படி ஏறினேன் என்பது எனக்கே தெளிவாக ஞாபகமில்லை. ஏரி கண்ணில் பட்டபோது அழுகை வந்தது. ஏரிக்கரை பெஞ்சில் என் மனைவி யாரோ ஒருவருடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் பிக்கப் அம்மா, கையில் சூடான பால். மச்சினன் சற்றுத் தள்ளித் திரும்பி நின்றிருந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

நான் சொன்ன அந்த இரண்டு சொல்லை வைத்து அந்தம்மா கரை முழுக்க விசாரித்து என் மனைவியைக் கண்டுபிடித்திருக்கிறாள். என் மனைவியும் மறுக்கவில்லை. ஆமாங்க, முட்டி நொம்ப முடியலீங்க என்று சொல்லியிருக்கிறாள். முடியாதவளை இந்தக் குளிரில் உட்கார வைத்ததற்கு எனக்குத் திட்டு விழுந்தது. அதுவரை பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு சைக்கிள்மேலேயே இருந்த நான், சைக்கிளைச் சரித்து இறங்கப் போனேன்.

“வேண்டுதல ஏரியில முடிக்கறவங்க ஆருங்க? கோயிலுக்குப் போயித்தான் முடிக்கோணும்” என்றாள் அந்தம்மா.

மனைவியைப் பார்த்தேன். அவள் பாலை ஊதிக் குடித்துக்கொண்டே தலையாட்டினாள். பிறகு அவர்கள் எல்லாரும் வண்டிகளில் ஏறிச் சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் மறுபடியும் மிதித்தேன். பந்தயத்தில் ஏற்கெனவே ஜெயித்துவிட்டேன், வழியில் பார்க்க ஆளில்லை, இறங்கித் தள்ளியிருக்கலாம். ஆனால் குனிந்தால் மஞ்சள் மஞ்சளாக என் கால்கள் தெரிந்தன. முன்பின் தெரியாத ஒருத்தி ஊற்றியது. அவளை நினைத்துக்கொண்டு கோயில் வாசல் வரைக்கும் மிதித்தேன். மெய்யாகவே பக்தி வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

அங்கே சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் விழுந்தேன். என் மனைவி குகைக்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்தாள். மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாள். அந்தம்மா இன்னும் உள்ளேதான் இருந்தாள். நடித்தது போதும், ஆள் பார்க்கவில்லை என்றேன்.

“நடிப்பா? தீவாளியில இருந்து நோவுதுங்க. உங்க சைக்கிளச் சுத்திப் போக எடமில்லாம, சக்கரத்தத் தாண்டித் தாண்டித்தான் அடுப்படிக்குப் போறேன். அதுல போன முட்டிங்க இது” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று, எல்லாம் பார்த்தேனே. எழுந்துபோய் சைக்கிளைத் தூக்கி மச்சினன் காரின் தலைமேல் வைத்தேன். நீயே எடுத்துக்கொண்டு போ, முதலில் செயினில் மஞ்சளைக் கழுவு என்றேன். மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் வீட்டு ஹால் எங்களுடையதைவிடச் சின்னது, அவன் பெண்டாட்டி என் மனைவியைப் போல் பொறுமைசாலியும் அல்ல. கயிற்றைக் கட்டும்போது அவன் முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டது எனக்கு ஓர் ஆறுதல்.

அந்தம்மா பிரசாதத்தோடு வெளியே வந்தாள். வேண்டுதல் பலிக்குமுங்க, கவலைப்படாதீங்க என்று என்னிடம் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள், என் மனைவி காரின் மேலே பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“பலிச்சிருச்சுங்க.”