கலர் ஜெல்லியும் அடுப்பில்லா சமையலும்

ஊர் உலகத்துக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்புகிற பக்கம் எங்கள் பக்கம். ஆனால் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு தீப்பெட்டி கிடையாது. வீட்டுக்கு வந்த யாராவது பீடி பற்ற வைக்க நெருப்புக் கேட்டால், அம்மா அவரை நைசாகப் பேசித் தெருமுனைப் பெட்டிக்கடைக்கு அனுப்பிவிடுவாள். சாமி படத்துக்கு முன்னால் விளக்குக்குப் பதில் சிவப்பு பல்பு எரியும். கொசுவத்திக்குப் பதில் வலை கட்டியிருந்தோம். பொங்கலுக்குக்கூட வாசலில் பானை வைக்கவில்லை.

எல்லாம் அப்பாவுக்காக. அப்பா சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை பார்த்தார். பட்டாசுக்குள் போகிற ரசாயனக் கலவைக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். அதற்கு முந்தைய வருஷக் கோடையில், பக்கத்து அறையில் பிடித்த தீ அப்பா இருந்த அறைக்கும் வந்துவிட்டது. அன்று உள்ளே இருந்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. அப்பா திரும்பினார். மதுரை ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்து, வலது கையிலும் கழுத்திலும் தோல் சுருங்கி, ஒரு காது பாதியாகி வந்து சேர்ந்தார். உடம்பு மெல்ல மெல்லத் தேறியது. நெருப்பைக் கண்டால் மட்டும் மனுஷன் அந்த இடத்தில் நிற்கமாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அம்மா டீ போடலாமென்று அடுப்பைப் பற்ற வைத்தாள். அவ்வளவுதான், அப்பா பின்வாசல் வழியாக ஓடியவர், கண்மாய்க்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்ந்த பிறகுதான் கூட்டிக்கொண்டு வர முடிந்தது.

அன்றோடு எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது நின்றுபோனது. ஆனைக்குட்டம் போகிற ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீடு. அம்மா விடிவதற்கு முன்பே அங்கே போய்ச் சமைத்து, தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, காலண்டர் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்விடுவாள். சாயங்காலம் மறுபடியும் பெரியம்மா வீடு, மறுபடியும் தூக்குவாளி. எங்கள் கேஸ் அடுப்பின்மேல் பழைய சேலை ஒன்றை விரித்து, அதன்மேல் கண்ணாடி, சீப்பு, என் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதையெல்லாம் இறக்கி, அடுப்பைப் பளபளவென்று துடைத்து, மறுபடி மூடி வைப்பாள். எரியாத அடுப்பை எதற்கு இப்படித் தேய்க்கிறாள் என்று எனக்குச் சிரிப்பாக வரும். அம்மாவுக்கு நல்ல சாமர்த்தியம் உண்டு, ஆனால் சில விஷயங்களில் கொஞ்சம் மக்கு என்பது அந்த வயதில் என் அபிப்பிராயம்.

எனக்கிருந்த பெரிய குறை வேறு. சம்பள நாளில் அப்பா கம்பெனியிலிருந்து வரும்போது கலர் வாங்கி வருவார். ஆரஞ்சு, திராட்சை என்று கண்ணாடிப் பாட்டிலில் வருகிற அந்த இனிப்புச் சோடாவுக்குக் கலர் என்றால்தான் எங்களுக்குப் புரியும். விபத்துக்குப் பிறகு கலரும் நின்றுபோனது. மூடியைத் திறக்கும்போது வருகிற ‘புஸ்’ சத்தம் அப்பாவுக்கு ஆகாது. திரி பற்றுகிற சத்தமும் அப்படித்தான் இருக்கும். அடுப்பு இல்லாததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, சோறு எப்படியோ வந்துவிடுகிறது. கலர் இல்லாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்படியிருக்கையில் பள்ளிக்கூடத்தில் அடுப்பில்லா சமையல் போட்டி என்று அறிவித்தார்கள். நெருப்பு இல்லாமல் ஏதாவது பண்டம் செய்து திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில்லாமல் ஒரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற வீடு எங்கள் வீடு, பரிசை எங்களுக்குத் தராமல் யாருக்குத் தருவார்கள்! மற்றவர்கள் அவலும் முளைகட்டிய பயறும் கொண்டுவரப் போகிறார்கள் என்று தெரிந்தது. நான் யாரும் பார்த்திராத ஒன்றாகச் செய்ய நினைத்தேன். பெரியம்மா மகன், அதாவது எங்கள் அண்ணன், அவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். கலரை ஊற்றி ஜெல்லி செய்கிறார்கள். கண்ணாடி மாதிரி ஆடுகிறது, கரண்டியால் வெட்டுகிறார்கள், உள்ளே குட்டிக் குட்டிக் குமிழிகள். கடித்துத் தின்கிற கலர்! அதில் ‘புஸ்’ சத்தம் வராது என்பதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

ஜெல்லி உறையக் கடல்பாசி போட்டால் கொதிக்க வைத்தாக வேண்டும். ஜெலட்டின் பொடிக்கு நல்ல சூடான தண்ணீர் போதும் என்றது வீடியோ. எங்கள் வகுப்பு டீச்சரிடம் போய், வெயிலில் சூடான தண்ணீர் ஆகுமா என்று கேட்டேன். டீச்சர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, எங்கள் வீட்டு நிலவரம் அவருக்கு அத்துப்படி. “வெயிலுக்குத் தடையில்ல, அடுப்புதான் கூடாது” என்றார். விருதுநகர் ஜில்லாவில் வெயிலுக்கா பஞ்சம் என்று துள்ளிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. காலண்டர் சீசன் என்பதால் அம்மாவுக்கு அன்றும் வேலை. அண்ணன் சிவகாசி பேக்கரிச் சாமான் கடையிலிருந்து ஒரே ஒரு பாக்கெட் ஜெலட்டினும், ஒரு பாட்டில் திராட்சைக் கலரும் வாங்கிக் கொடுத்துவிட்டு, சினிமாவுக்குப் போய்விட்டான். விறகடுப்புக் காலத்துக் கரிச்சட்டி ஒன்றில் தண்ணீர் ஊற்றி மூடி, குளியலறைத் தகரக் கூரைமேல் வைத்தேன். உச்சிவெயில் சுள்ளென்று அடித்தது. தகரம் தொட்டால் சுட்டது. அந்த நேரத்தில் கலரைத் திறந்து வைத்துவிடலாமென்று, பாட்டிலைத் துண்டில் சுற்றி, துவைகல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, மூடியை மெதுவாக நெம்பினேன். எவ்வளவு மெதுவாக நெம்பினால் என்ன, கலருக்குத் தெரியுமா எங்கள் வீட்டுக் கஷ்டம்? ‘புஸ்’ என்று சீறிக்கொண்டு துண்டெல்லாம் நனைத்தது.

நிமிர்ந்து பார்த்தால் பின்வாசலில் அப்பா. முகமெல்லாம் வேர்த்திருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கலர்ப்பா, வெறும் கலர்தாம்ப்பா” என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். அவர் மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, “என்னத்தா செய்யிற?” என்று கேட்டார். அவர் தானாக வந்து என்னிடம் ஒன்றைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. நான் போட்டியைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். ஜெலட்டின் என்று சொன்னதும் பாக்கெட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். கல்குவாரியில் பாறை உடைக்க வைக்கிற வெடிக்கும் அந்தப் பெயர்தானே! பாக்கெட்மேல் போட்டிருந்த கேக் படத்தைப் பார்த்தபிறகு திருப்பித் தந்தார். அவர் வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்துபோனது.

தண்ணீர் நன்றாகச் சூடேறியிருக்கும் என்று நம்பிச் சட்டியை இறக்கினேன். பொடியைக் கொட்டவும் மேகம் வந்து மூடவும் சரியாக இருந்தது. ஆவணி மாதத்தில் இப்படி நடக்கும். சாயங்காலம் மழை வரப்போகிறதென்றால் மத்தியானமே இருட்டிக்கொள்ளும். பொடி கரையாமல் கட்டி கட்டியாக மிதந்தது. விரலால் நசுக்கினேன், பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. சட்டியை மறுபடி தகரத்தில் ஏற்றினேன், கம்பளியைச் சுற்றிப் பார்த்தேன், மடியில் வைத்துக்கொண்டும் பார்த்தேன். தண்ணீர் ஆறியதுதான் மிச்சம். இன்னொரு பாக்கெட் கிடையாது, கடைக்குப் போக ஆளும் கிடையாது. துவைகல்லில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தேன். அழுகையில் எனக்கு ஒரு தனித் திறமை உண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

அப்பா எழுந்து வீட்டுக்குள் போனார். வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தெருவில் நடந்துபோய்க்கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் துணையில்லாமல் தெருவில் இறங்கியதே இல்லை. தலையில் துண்டைப் போட்டுப் பாதிக் காதை மறைத்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே போனார். எனக்காக இன்னொரு பாக்கெட் வாங்கத்தான் போகிறார் என்று அழுகையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பெட்டிக்கடையில் ஜெலட்டின் விற்கமாட்டார்கள் என்ற யோசனை எனக்கு வரவில்லை. திரும்பி வந்தவரின் கையில் ஒரு தீப்பெட்டி இருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்குக் கிறுக்குத்தனமாகப்பட்டது. முன்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்து கல்லை அண்டக்கொடுத்தார். ஒரு வாளியில் தண்ணீரும் இன்னொன்றில் மணலும் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் பருத்தி வேட்டியோடு நின்றார். அரைஞாணில் தொங்கிய சாவியை அவிழ்த்தார். செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் தரையை நன்றாக அழுத்தி மிதித்தார். அடுப்பின்மேல் இருந்த என் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூர வைத்தார். கேஸ் குழாயில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். மருந்து அறைக்குள் போகிறவர்கள் இப்படித்தான் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். ஒரு கேஸ் அடுப்புக்கு இத்தனை சடங்கா என்றுதான் எனக்குப் புரியவில்லை.

“நீ வெளிய போய் நில்லு தாயி. நான் கூப்புடுற வரைக்கும் வரக்கூடாது” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, வேண்டாம்ப்பா! அடுப்பப் பத்த வச்சா போட்டியில சேத்துக்கிட மாட்டாக!” என்று கத்தினேன்.

அவர் காதில் வாங்கவில்லை. முதல் குச்சி ஒடிந்தது. அடுத்ததை உரசாமலே கையில் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றுகொண்டே இருந்தார். வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. நான் விடாமல் கத்திக்கொண்டிருந்தேன். குச்சி பற்றியது. அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், ஆனால் கையை இழுக்கவில்லை. நீலமாக வட்டம் கட்டி எரிந்தது எங்கள் அடுப்பு. குச்சியை ஊதி அணைத்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்மாய்க்கரைக்கு ஓடவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். சட்டியை இளஞ்சூட்டில் வைத்துத் துழாவினோம், கட்டியெல்லாம் கரைந்து தெளிந்தது. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, கலரைச் சட்டியின் விளிம்போடு மெதுவாக ஊற்றினோம். நுரை பொங்கி அடங்கியது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே கரண்டியைப் பிடித்திருந்தேன். அப்பா திடீரென்று, “ஒங்கம்மா வர்ற நேரம், டீ போடுவோமா?” என்றார். டீத்தூள் ஏது, பால் ஏது? வெறும் தண்ணீரை அடுப்பில் ஏற்றி வைத்தார். இந்தத் தடவை அவர் ஒரே குச்சியில் பற்ற வைத்ததைப் பார்த்தேன்.

பெரியம்மா வீட்டுத் தூக்குவாளியோடு அம்மா வந்தாள். திறந்து கிடந்த கதவுகளைப் பார்த்து வேகமாக வந்தவள், அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். தூக்குவாளியைக் கீழே வைக்கவும் இல்லை. “ஏங்க... நீகளா பத்த வச்சீக?” என்றாள். அப்பா, தண்ணி கொதிக்குது பாரு என்று மட்டும் சொன்னார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். போட்டி போச்சே என்று எனக்காகத்தான் அழுகிறாள் என்று எண்ணி, என் பக்கம் ஒரு ஆளாவது இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு சிரிக்கவும் செய்தாள், அதுதான் கொஞ்சம் இடித்தது.

ஜெல்லி பெரியம்மா வீட்டுப் பிரிஜ்ஜில் இரவெல்லாம் இருந்து கச்சிதமாக உறைந்தது. மறுநாள் காலை ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனேன். கரும் ஊதா நிறத்தில், உள்ளே குமிழிகளோடு, மேசையில் மற்ற எல்லாவற்றையும்விட அழகாக ஆடிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்திருந்தால் பரிசு எனக்குத்தான். ஆனால் ஜன்னல் வழியே அத்தனை கத்தியும் கேட்காத அப்பாமேல் இருந்த கோபம் எனக்கு அடங்கவில்லை. டீச்சர் கரண்டியோடு என் தட்டின் பக்கம் வந்ததும் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன்.

“இத அடுப்புல செஞ்சுட்டோம் டீச்சர். எங்க அப்பா பத்த வச்சுட்டாரு.”

டீச்சரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. “யாரு?” என்றார். எங்க அப்பா என்றேன். “எந்த அடுப்ப?” எங்க வீட்டு அடுப்பத்தான் என்றேன். அவர் எனக்கு முன்னால் குனிந்து, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. இவ்வளவு பெரிய தப்பா செய்துவிட்டார் அப்பா என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன் என்பதாவது எல்லோருக்கும் தெரியட்டும் என்று, வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, அழுதுகொண்டே உரக்கச் சொன்னேன்.

“எங்க அப்பா அடுப்பப் பத்த வச்சுட்டாரு டீச்சர்! வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்லப் பத்த வச்சுட்டாரு!”