புத்தர் பிறந்த இடம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது புத்தரால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்தது. பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், நான்காம் மாடியில் இருந்தோம். பெரிய மதங்களைத் தொடங்கியவர்களைப் பற்றி வகுப்பில் ஆளுக்கொருவராகப் பேசவேண்டும் என்று ஆசிரியை சீட்டுக் குலுக்கினார். எனக்குப் புத்தர் விழுந்தார்.

அம்மாவிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டே, "அப்பாவிட்டை மட்டும் இதைக் கேட்டிடாதை" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. ஆகவே கீழ்மாடிப் பாண்டிச்சேரி மாமாவிடம் போனேன். இங்கே தபால் நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். பிறந்த நாளிலிருந்தே பிரெஞ்சுக் குடிமகன். ஆனாலும் கிரிக்கெட்டில் இந்தியா தோற்றால் அன்றைக்குச் சாப்பிடமாட்டார்.

"நம்ம இந்தியாவுல பொறந்தவரும்மா. பெரிசா எழுது" என்றார். வகுப்புக்குக் கொண்டுபோகவேண்டிய மட்டையில் இந்தியா என்று பெரிதாகவே எழுதினேன்.

ஞாயிறு மதியம், அப்பாவோடு ஓர் உணவகக் குசினியில் வேலைசெய்த நேபாள மாமா சாப்பிட வந்தார். குசினியில் மற்றவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள் என்பதால் அவருக்கும் எங்கள் தமிழ் படிந்திருந்தது. என் கைவண்ணத்தைப் பார்க்கப் பாண்டிச்சேரி மாமாவும் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் சாய்த்திருந்த மட்டையை நேபாள மாமா எழுத்துக்கூட்டி வாசித்தார். சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பிழை, பிள்ளை. லும்பினி நேபாளத்திலை இருக்கு."

"அந்தக் காலத்துல நேபாளம்னு ஒரு நாடு எங்கய்யா இருந்திச்சு?" என்றார் பாண்டிச்சேரி மாமா.

"அப்ப இந்தியா எங்கை இருந்தது?"

குரல்கள் ஏறின. ஞானம் பெற்றது, போதித்தது, இறந்தது எல்லாம் நம்ம மண்ணில்தான் என்று பாண்டிச்சேரி மாமா விரல்விட்டு எண்ணினார். நேபாள மாமா எழுந்து நின்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "நேபாளம் எண்டால் இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. அவரைத் தெரியும். அவரையும் எடுத்தால் எங்களிட்டை என்ன இருக்கு?" என்றார். பாதிச் சோற்றோடு போய்விடுவார் என்று பயந்து, அம்மா சொன்னதை மறந்து நான் கத்தினேன்:

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோ! எங்கை பிறந்தவர்?"

அப்பா இலங்கையில், வன்னியில் பிறந்தவர். அதிகம் பேசமாட்டார். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்கை பிறந்தால் என்ன. இப்ப எங்கட காணியிலை எல்லோ இருக்கிறார்."

நேபாள மாமா மெல்ல உட்கார்ந்து அப்பாவின் தோளில் கைவைத்தார். பாண்டிச்சேரி மாமா தேத்தண்ணியைக் குடித்துமுடிக்காமலே, "வரேம்பா" என்று எழுந்து போனார். இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டதைப் பார்த்து அப்பா வென்றுவிட்டார் என்று நினைத்தேன். இந்தியாவும் நேபாளமும் பிறந்த இடத்துக்குத்தானே சண்டைபிடித்தன! நாங்கள் அவருக்கு இருக்க இடமே கொடுத்திருக்கிறோம்.

அன்றே இந்தியாவை வெட்டி நேபாளம் என்று எழுதினேன். கீழே, அம்மாவுக்குக் காட்டாமல், இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'இப்போது அவர் இலங்கையில், எங்கள் காணியில் இருக்கிறார்.'

மறுநாள் அந்த வரிக்குத்தான் வகுப்பே கைதட்டியது. பள்ளி விட்டதும், வேலையில்லாத நாளாகையால் அப்பா வாசலில் நின்றார். ஆசிரியை ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு அருமையான விஷயம், படம் ஏதும் உண்டா என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, அத்தை ஊரிலிருந்து அனுப்பிய படத்தைக் காட்டினார். மரத்தடியில் வெள்ளைவெளேரென்று புத்தர். முன்னால் மங்கலாக ஒரு கம்பி.

அது முள்கம்பி என்பதும், போருக்குப் பின் எங்கள் வீடு இடிக்கப்பட்டு அந்த நிலம் இராணுவ முகாமானது என்பதும், சொந்தக் காணிக்குள் போகமுடியாமல் அத்தை வெளியே நின்று எடுத்த படம் அது என்பதும் வளர்ந்த பிறகே எனக்குத் தெரியவந்தன. அன்றைக்குப் புத்தர் சிரிப்பது மட்டும்தான் தெரிந்தது.

"உங்கள் இடம் எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்றார் ஆசிரியை.

"ஓம் மதாம், அழகாக இருந்தது" என்றார் அப்பா, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

அப்பாவின் பிரெஞ்சைத் திருத்துவது வீட்டில் என் வேலை. ஆசிரியையின் முன்னால் எனக்கு வெட்கமாகிவிட்டது. அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"'இருந்தது' இல்லை, அப்பா. 'இருக்கிறது' எண்டு சொல்லவேணும்."

அப்பா ஆசிரியையின் பக்கம் திரும்பி, நான் சொல்லிக்கொடுத்தபடியே, பிழையில்லாமல் சொன்னார்.