இரண்டு தராசும் ஒரு சாவியும்

பால்வாடியில் குழந்தைகளை நிறுக்கும் வேலையில் இருப்பவள் சொல்லும் எடையை எந்தத் தாயும் நம்ப மாட்டாள். தராசு பிடித்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

துணிக்குள் இருந்தது

ஒரகடம் பக்கத்தில் எங்கள் பால்வாடி. விட்டத்திலிருந்து தராசு தொங்கும். அதில் குழந்தையைத் துணியோடு மாட்டி நிறுப்போம். கஸ்தூரியின் மகள் ஒரே மாதத்தில் முக்கால் கிலோ கூடியிருந்தாள். சந்தேகப்பட்டுத் துணியை உதறினேன். பெரிய இரும்புச் சாவி விழுந்தது. எடை போட்டால் கண் படுமாம், அதற்கு இரும்பு. சாவி வேண்டாம் என்றேன். கஸ்தூரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புள்ள எளைச்சா நீயா வந்து பாக்கப் போற, டீச்சரு?"

சிஸ்டர் சொன்ன விதி

கான்வென்டில் பௌதிகம் நடத்திய சிஸ்டர் சார்பியலுக்கு ரயிலைக் காட்டுவார். ரயிலில் இருப்பவருக்கும் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கும் அளவு வேறுபடலாம், விதி வேறுபடக் கூடாது. எந்த அறிவியலில் விதி தேடினாலும், அளப்பவர் மாறினாலும் மாறாதது எது என்று முதலில் கேள் என்பார். அதை நான் தராசில் போட்டுப் பார்த்தேன். அதே சாவி மாதாமாதம் துணியில் இருக்கட்டும். எடை பொய்யாகலாம், இந்த மாதத்துக்கும் போன மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் பொய்யாகாது. சமையல் செய்யும் முனியம்மாவிடம் பெருமையாக விளக்கினேன். கரண்டியை நிறுத்தினாள்.

"பொய் எடையில பொய் எடைய கழிச்சா நெசம் வந்துருமா? இன்னா கணக்கு டீச்சரு இது?"

என் வீட்டுக் குழந்தை

என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஏழு மாதம். எங்கள் தராசில் ஐந்தரை கிலோ; போன மாதமும் ஐந்தரை. மற்றக் குழந்தைகளுக்கு ஓடும் முள் இவளுக்கு மட்டும் சிக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். போன மாதம் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரித் தராசு ஆறு என்று காட்டியிருந்தது. அதுதான் நல்ல தராசு என்று பஸ் ஏறினேன். அங்கே இப்போதும் ஆறு. இரண்டு தராசுக்கும் அரைக் கிலோ சண்டை. குழந்தை வளரவில்லை என்பதில் மட்டும் ஒற்றுமை. இந்தத் தராசும் சரியில்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தராச விடும்மா. இன்னும் பால் மட்டும்தானா, கஞ்சி ஆரம்பிச்சியா இல்லியா?"

கஞ்சி ஆரம்பித்ததிலிருந்து இரண்டு தராசிலும் முள் ஏறுகிறது. ஸ்டெல்லாவின் துணியிலும் இப்போது ஒரு சாவி உண்டு, மாதாமாதம் அதே சாவி என்பதால் விதிக்குப் பழுதில்லை.