கல்லறை வீரனைத் தொட்ட கை

சூரிச்சில் நான் வேலை செய்யும் அருங்காட்சியகத்துக்கு அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போனது என் பெருமைக்காகத்தான். இருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். சீனத்துக் கல்லறை ஒன்றைக் காத்த சுடுமண் வீரன் ஒருவனின் கவச மடிப்புகளில் இறுகியிருந்த மண்ணை மாதக்கணக்காகத் தூரிகையால் எடுத்திருந்தேன். அவன் கண்ணாடிக்குள் நிமிர்ந்து நிற்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு அப்போது பாரிசவாதத்தில் வலக்கை விழுந்திருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி, காளையை மிதித்து நின்ற வீரனை அண்ணாந்து பார்த்தார்.

"இஞ்சாரும், முழியைப் பாரும். நான் சப்பாத்தோட வீட்டுக்குள்ள வந்தா நீர் முழிக்கிற அதே முழி."

அம்மா சிரித்துவிட்டார். "ஆரைப் பிள்ளை இவர் காவல் காக்கிறார்?" என்று என்னைக் கேட்டார்.

"செத்தவரை. பேய் பிசாசு அண்டாமல் பிரேதத்தோட புதைக்கிறது."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "பிரேதத்தோட கிடந்த சாமானோ? இதைத் தொட்ட கையாலயோ அப்பாவுக்குச் சோறு தீத்துறனி?"

சூரிச்சுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ஊஸ்டரில் அம்மா மாலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போவார். நான் வேலையால் வந்து, சோற்றைத் தேங்காய்ப்பால் சொதியில் குழைத்து அப்பாவுக்கு ஊட்டுவேன். மறுநாளிலிருந்து அம்மா தானே ஊட்டிவிட்டுப் போனார். நான் வரும்போது அப்பாவின் வாய் துடைக்கப்பட்டிருக்கும்.

நிறம் உதிரும் என்பதால் அந்த வீரனை நாங்கள் கையுறை இல்லாமல் தொடுவதே இல்லை. அதைச் சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கே அடங்கியிருப்பார். எனக்கு மனம் வரவில்லை. கையுறை போடாவிட்டால் என் கை தீட்டு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கா படித்தேன்?

"ஒருக்கா முழுகிப்போட்டு வாவன், பிள்ளை. கொம்மாவும் அடங்கிடுவா" என்றார் அப்பா.

"அப்ப நீங்களும் நம்புறியளோ?"

"நான் என்னத்தை நம்ப? கொம்மா அவசரத்தில வாயைச் சுட்டுப்போடுறா. நீ தீத்தினாத்தான் ருசிக்குது."

நான் முழுகவில்லை. இன்று கேட்டாலும் முழுகமாட்டேன். அதனால் எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

அப்பாவுக்கு இரண்டாம் தடவையும் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கால் குழாய் விட்டிருந்தார்கள். அம்மா ஒரு பெட்டியில் சொதிச்சோறு கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"நீ தீத்து, பிள்ளை. உன்ர கையால எண்டா விழுங்குவார்."

தாதி ஓடிவந்து தடுத்தார். இவரால் இனி விழுங்க முடியாது, ஒரு பருக்கை போனாலும் மூச்சுக்குழாயில் அடைத்துவிடும், விழுங்கும் சக்தி இனித் திரும்பி வராது என்று ஜெர்மனில் சொன்னார். அம்மா என் வாயைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். அதைத் தமிழில் சொல்ல அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். சொன்னேன்.

"உனக்குச் சரியா விளங்கேல்லை. திருப்பிக் கேள்" என்றார் அம்மா.

கேட்டேன். தாதி அதையே, இன்னும் மெதுவாகச் சொன்னார்.