எண்ணெய் தடவிப் பார்த்துப் பாடிய சலீம் பாய்

சலீம் பாய் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தியோடு பொன்னுசாமி, மலைமேல் திண்ணனூர் நாட்டில் இருக்கும் என் மிளகுத் தோட்டத்துக்கு ஏறி வந்தபோது நான் நம்பவில்லை. ஒத்திகைக்கு வராமலிருக்க பாய் சொல்லாத சாக்கே கிடையாது. "ஏனுங்க, இதுலயுமா வெளையாடுவாங்க?" என்று பொன்னுசாமி அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாய் காளப்பநாயக்கன்பட்டியில் பலாப்பழ வியாபாரி. எங்கள் ‘கொண்டை ஊசி’ ராப் குழுவின் தலைவர். தொண்ணூற்றெட்டு வாக்கில் யாரோ லாரியில் விட்டுப்போன இங்கிலீஷ் கேசட்டைக் கேட்டுவிட்டு, "இவுங்களும் நம்ம சந்தையாட்டம் சண்டைதான் புடிக்கறாங்க. ஆனா தாளத்தோட புடிக்கறாங்க" என்றார். அன்றே குழு பிறந்துவிட்டது. பொன்னுசாமி பிளாஸ்டிக் டிரம்மைத் தட்ட, பாயும் நானும் வராத பஸ்ஸையும் குழி விழுந்த ரோட்டையும் வைது பாடினோம்.

கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். "அவுங்க கேட்டதுக்கு ஒண்ணு, நாம நெனச்சதுக்கு ஒண்ணு" என்று பாய் வழி கண்டுபிடித்தார். பிரியாணியும் கிடைத்தது, மானமும் போகவில்லை.

பிறகுதான் கூந்தல் தைல முதலாளி ஒருவர் வந்தார். தைலத்தைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடினால் எங்களுக்குக் கேசட் போட்டுத் தருவாராம். கேசட் எங்கள் பெருங்கனவு. பாய் உடனே ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"சுளை குடுத்துத் தின்னு பாக்கச் சொல்லாம நான் பழம் வித்ததில்லீங்க. தைலத்தையும் தடவிப் பாத்துட்டுத்தான் பாடுவேன்."

பாய்க்கு இளவயதிலேயே முழு வழுக்கை. மாதக்கணக்கில் தேய்த்தார். தலையணை உறை பாழாகிறதென்று பாயின் மனைவி நூர்ஜகான் அக்கா சண்டை பிடித்தார். முடி வரவில்லை, வாசனைக்கு எறும்புதான் வந்தது.

மேடையில், முன்வரிசையில் முதலாளி அமர்ந்திருக்க, பாய் தொப்பியைக் கழற்றித் தலையை விளக்குக்குக் காட்டினார்.

"மாசக் கணக்கா தேச்சேனுங்க, மசிரு ஒண்ணும் மொளைக்கல,
எறும்பு மட்டும் ஊருதுங்க, எனக்குக் கோவம் வரவில்ல,
சூடு தணிஞ்சு தூக்கம் வருது, அதுல மட்டும் பொய்யில்ல!"

கூட்டம் உருண்டு சிரித்தது. முதலாளி எழுந்து போனார். கேசட்டும் அவரோடு போனது.

"ஒரு வரி பொய் சொன்னா என்னங்க பாய்?" என்று கத்தினேன்.

"நாளைக்குச் சந்தையில என் மொட்டையப் பாத்துட்டு, பழமும் இப்படித்தானான்னு சனம் கேக்காதா, கண்ணு?"

சில மாதங்களில் அதே தைலம் ‘சுகமான உறக்கத்திற்கு’ என்ற புது லேபிளோடு கடைகளில் நன்றாக விற்றது. எங்களைத்தான் யாரும் கேசட் போடக் கூப்பிடவில்லை. பாய் அதையும் ஒரு பாட்டாக்கிச் சிரித்தார். எனக்கு மட்டும் ஆற்றாமை தீரவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நானும் பொன்னுசாமியும் பாய் வீட்டுக்குப் போனோம். துக்கம் காத்துத் திரைக்குப் பின்னால் இருந்த நூர்ஜகான் அக்கா கேட்டார்: "தம்பி, அவரு கொரலு எதுலயாச்சும் இருக்குதா?"

எதிலும் இல்லை. கேசட்தான் கடைசிவரை போடவே இல்லையே.

"அந்தத் தைலப் பாட்டயாச்சும் சொல்லு சாமி. துக்க ஊடு, பாட வேண்டாம். சும்மா சொன்னாப் போதும்."

எங்கள் பாட்டே சொல்வதுதானே, பாய். டிரம் இல்லாமல், தலை குனிந்து, உங்கள் வரிகளைச் சொன்னேன். எறும்பு வரி வந்ததும் திரைக்குப் பின்னால் அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அழுகையாக மாறுவதற்குள், தூக்கம் வரும் அடுத்த வரியைச் சொன்னேன். நிம்மதியாகத் தூங்குங்கள், பாய்.